குன்னூர், கூடலூர் பிள்ளைகளே, அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

பைக்காரா மின்நிலையம் 1932 முதல் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கு வந்த மலை ரயில் 1908-இல் ஊட்டியைத் தொட்டது. இப்படி நம் மலையைச் சுற்றியிருக்கும் மின்சாரம், ரயில், சாலை எல்லாவற்றுக்கும் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் எப்போதும் தேவை. பத்தாவது முடித்த நம் பிள்ளைகளோ தேயிலைக்கும் திருப்பூருக்கும்தான் போகிறார்கள். இந்த வேலைகளுக்குள் நுழையும் வாசலை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை என்பதே என் வருத்தம்.

முதல் படி ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையம். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் என்றால், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும்.

அடுத்த படியான அப்ரண்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்தபடியே தொழில் பழகும் பயிற்சிதான் முக்கியமானது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். தெற்கு ரயில்வே கோவை போத்தனூர், திருச்சி பொன்மலை பணிமனைகளுக்கு அப்ரண்டிஸ் எடுக்கும்போது எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. மதிப்பெண் அடிப்படையில்தான் தேர்வு. மலை ரயிலின் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தருவதே பொன்மலைப் பணிமனைதான். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அங்கே கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. மற்றபடி பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

"பயிற்சிதானே, கொடுப்பதை வாங்கிக்கொள்" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையை வரையறுத்தன: பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6000, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7000, டிப்ளமோ முடித்தவருக்கு 8000, பட்டதாரிக்கு 9000 ரூபாய். பயிற்சி இரண்டாம் ஆண்டுக்கு நீண்டால் 10 சதவீதம் கூடும். செய்து முடித்த உருப்படியை எண்ணிக் கூலி தருவதைச் சட்டமே தடுக்கிறது. பயிற்சியின்போது அடிபட்டால் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். மின்கம்பம், சுரங்கப்பாதை, பாறைச்சரிவுச் சாலை என்று ஆபத்தோடு பழகும் தொழிலுக்கு, இந்த ஒரு பிரிவுக்காகவே நான் சட்டத்தை மதிக்கிறேன். ஆபத்தான தொழில்களுக்குக் குறைந்தபட்ச வயது 18, மற்றவற்றுக்கு 14.

இத்தனை உரிமையும் பதிவு செய்த ஒப்பந்தத்தோடு சேர்ந்துதான் வரும். ஒப்பந்தம் மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவாக வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதால் அது முறிந்தால், கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் மூன்று மாதத் தொகை உங்களுக்கு வர வேண்டும். நீங்களே காரணமின்றி பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைக் கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. தகராறு வந்தால் அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் முறையிடலாம்.

பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் சாதிச் சான்றிதழ் இல்லாமலேயே பல பிள்ளைகள் படிப்பை முடித்துவிடுகிறார்கள். அறிவிப்பு வந்தபின் அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்; பத்தாவது படிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

ஒரு கணக்கையும் மறைக்க மாட்டேன். 7000 ரூபாயில் கோவையில் அறை வாடகை, சாப்பாடு போக மிச்சம் அதிகம் இருக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து அறை எடுப்பது, போத்தனூர் பக்கம் உறவினர் வீடு இருந்தால் கேட்பது என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். கிளம்பும்போது ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.