தத்துப்பூச்சியின் அடையாளம் முதுகிலா, வயிற்று நுனியிலா?

தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாமரங்கள் பூத்திருக்கும்போது ஒரு பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். நான்கைந்து மில்லிமீட்டர் நீளப் பூச்சிகள் நாலாபக்கமும் தெறிக்கும். பூவின் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை விட்டு, அதில் கரும்பூசணம் படர வழிசெய்பவை இவைதான். சந்தூர், காவேரிப்பட்டணம் தோப்புகளில் எல்லாவற்றுக்கும் தத்துப்பூச்சி என்று ஒரே பெயர். ஆனால் ஒரே கொத்தில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருக்கலாம்.

முதலில் குடும்பம். பின்னங்காலில் நெடுக வரிசையாக முட்கள் இருந்தால் அது சிகாடெல்லிடே என்ற தத்துப்பூச்சிக் குடும்பம். நெல்லைத் தாக்கும் புகையான் வேறு கூட்டம்; அதற்குப் பின்னங்காலில் அசையக்கூடிய ஒரு தடித்த முள் உண்டு.

குடும்பம் தெரிந்துவிட்டது, சரி, இனம்? சிகாடெல்லிடேயில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மாமரத்தில் வருபவற்றை முதுகு முக்கோணத் தகட்டின் புள்ளிகளை வைத்து ஓரளவு பிரிக்கலாம். இடியோஸ்கோபஸ் நிட்டிடுலஸுக்கு மூன்று புள்ளி. அம்ரிட்டோடஸ் அட்கின்சோனிக்கும் இடியோஸ்கோபஸ் கிளைப்பியாலிஸுக்கும் இரண்டு; பின்னதற்குத் தலை உச்சியிலும் கரும்புள்ளிகள் உண்டு. தோப்பில் நின்று பார்க்க இது போதும். புது இனம் என்று அறிவிக்க நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனத்திலேயே அது வெளுத்தும் கறுத்தும் வரும்.

அதனால் ஆண் பூச்சியின் வயிற்று நுனியைத் தனியே எடுப்பார்கள். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் தசை கரைந்து கெட்டியான ஓட்டுப்பகுதி மட்டும் மிஞ்சும். கழுவி, கிளிசரினில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைவார்கள். விந்தைச் செலுத்தும் ஈடியேகஸ் என்ற தண்டு எப்படி வளைகிறது, நுனியில் கொம்புகள் உண்டா, துளை எந்தப் பக்கம் என்பதுதான் தீர்ப்பு. பெண் மட்டும் கிடைத்தால் பல பேரினங்களில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) பெயர் வைப்பதே சிரமம். அப்புறம், பழைய இனங்களின் மூலமாதிரிகளோடு, அதாவது அந்தப் பெயர்களுக்கு ஆதாரமாகச் சேமித்து வைத்த பூச்சிகளோடு ஒப்பிட்டு, வேறுதான் என்று உறுதியானால் ஒரு பூச்சியை மூலமாதிரியாக வைத்து விளக்கத்தை வெளியிடுவார்கள். வெட்டிய நுனியும் கிளிசரின் குப்பியில் அதே ஊசியில் தொங்கும்.

பெயர் அத்தோடு நிலைத்துவிடாது. அட்கின்சோனியை 1889-இல் லெத்தியெரி விவரித்தபோது அது இடியோசெரஸ் பேரினத்தில் இருந்தது. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்த மாதிரி, 1970-இல் அனுஃப்ரியேவ் அம்ரிட்டோடஸைத் தனிப் பேரினமாக்கினார். இனப்பெயருக்குப் பின்னால், விவரித்தவர் என்று எழுதும் லெத்தியெரியின் பெயர் இப்போது அடைப்புக்குறிக்குள் நிற்பது அதனால்தான்.

ஈடியேகஸும் சில சமயம் ஏமாற்றும். 1950-களில் ஜெர்மனியில் மியூல்லர் யூசெலிஸ் என்ற தத்துப்பூச்சியை வளர்த்துப் பார்த்தார். இளம்பருவத்தில் கிடைக்கும் பகல் நேரத்தின் நீளத்தைப் பொறுத்து அந்தத் தண்டின் வடிவமே மாறியது. தனித்தனி இனங்கள் என்று பெயர் வாங்கியவை ஒரே இனத்தின் பருவ வடிவங்கள்! உள்ளே ஒட்டுண்ணி வளர்ந்தாலும் ஆணுறுப்பு சிதைந்துபோகும். அதனால்தான் ஒரே ஒரு ஆணை வைத்துப் புது இனம் அறிவிப்பதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இப்போது டிஎன்ஏவும் துணைக்கு வருகிறது. எந்த ஆணுக்கு எந்தப் பெண், எந்தக் குஞ்சு என்று ஜோடி சேர்க்க அது நன்றாகவே உதவுகிறது.