ஏறத்தாழ ஒரே அளவு குரோமியம், ஒன்றில் மட்டும் கறள்

திருகோணமலை திருக்கடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வலை வேலைக்கு இரண்டு மடக்குக் கத்தி எடுத்தேன். ஒன்றின் அலகில் டி2 என்றும் மற்றதில் 12சி27 என்றும் பொறித்திருக்கிறது. டி2தான் உசத்தி என்று கடையில் சொன்னார்கள். மூன்று கிழமையில் அதில்தான் புள்ளி புள்ளியாகக் கறள். மற்றது பளபளவென்று இருக்கிறது, ஆனால் கெதியாக மொட்டையாகிறது. ஏமாந்துவிட்டேனா?"

இல்லை தம்பி. டி2, 12சி27 என்பவை உருக்கு வகைகளின் பெயர்கள். இரண்டு கத்தியும் தங்கள் உருக்கின் குணத்தைத்தான் காட்டியிருக்கின்றன.

கறளைத் தடுப்பது குரோமியம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். டி2 உருக்கில் ஏறத்தாழ 12 வீதம் குரோமியம். 12சி27இல் 13.5 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காபனில் இருக்கிறது. முன்னதில் சுமார் 1.5 வீதம், பின்னதில் 0.6 வீதம். கறளுக்கும் காபனுக்கும் என்ன தொடர்பு என்றால், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உருக்கை 1000 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது காபன் இரும்புக்குள் கரைகிறது. சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது. அந்த நெருக்கடியில் உருக்கின் பளிங்கமைப்பு இழுபட்டு இறுகுகிறது. இப்படி இறுகிய அமைப்பை, ஜெர்மன் உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட்டு என்கிறோம். பிறகு 200 பாகை அளவில் மறுபடி சூடாக்கி, உடையும் தன்மையைக் குறைப்பார்கள். நம் கம்மாலைகளில், அதாவது கொல்லர் பட்டறைகளில், துவைச்சல் என்று சொல்வது உருக்கைக் காய்ச்சிக் குளிரவைத்துப் பதமாக்கும் வேலையைத்தான்.

டி2இல் காபன் மிக அதிகம். இரும்பு அத்தனையையும் கரைத்துக்கொள்ள முடியாது. மிஞ்சிய காபன் சும்மா இருக்காது, பக்கத்தில் இருக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று காபன் அணுவுக்கு ஏழு உலோக அணு என்ற கணக்கில் காபைட்டு என்னும் மணிகள் உருவாகின்றன. அந்த ஏழில் இரும்பும் இடம் பிடிக்கும், ஆனால் குரோமியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மணிகள் சுற்றியுள்ள உருக்கைவிடக் கடினமானவை. மணல் ஒட்டிய கயிற்றை நாள் முழுக்க அறுத்தாலும் டி2 கூர் நிற்பது இவற்றால்தான்.

ஆனால் காபைட்டுக்குள் போன குரோமியம் கறளைத் தடுக்க வராது. ஊரில் நூறு வள்ளம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, இன்றைக்குக் கடலில் இறங்கக்கூடியது எத்தனை என்பது வேறு கணக்கு. டி2இன் 12 வீதத்தில் ஏறத்தாழ பாதி கரையில் ஏற்றிய வள்ளம். துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்ல 10.5 வீதம் வேண்டும் என்பது பொதுவான வரையறை. வேலைக்கு வரக்கூடிய குரோமியம் அதற்கு மிகவும் குறைவாகிவிட்டது. 12சி27இல் காபன் குறைவு என்பதால் அநேகமாக எல்லாக் குரோமியமும் கடமையில் இருக்கிறது.

என்ன கடமை? காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து சில நானோமீற்றர் தடிப்பில் ஒரு படலம் போடுவது. கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும் படலம் அது. எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காத அதிசயம். உப்பில் உள்ள குளோரைட்டு இந்தப் படலத்தில் பலவீனமான இடம் பார்த்துத் துளை போடும். துளைக்குள் கரையும் உலோகம் நீரோடு சேர்ந்து அமிலத்தன்மையை உண்டாக்கும். அது இன்னும் குளோரைட்டை உள்ளே இழுக்கும். அதனால்தான் கறள் பரவலாக வராமல் ஊசி குத்தியதுபோல் புள்ளியாகி ஆழமாகப் போகிறது. உங்கள் கத்தியில் அலகு மடங்கும் ஆணியைச் சுற்றிப் பாருங்கள், அங்கே இன்னும் மோசமாக இருக்கலாம். இடுக்கில் உப்புநீர் தேங்கும், ஒட்சிசன் போகாது, படலம் தன்னைத் தைத்துக்கொள்ள வழியில்லை. திருகோணமலைக் கடற்காற்றில் சட்டைப்பையில் கிடந்தாலே போதும்.

சரி, கடினமும் வேண்டும், கறளும் வேண்டாம் என்றால்? காபனின் ஒரு பங்குக்குப் பதிலாக நைதரசனைச் சேர்க்கிறார்கள். அதுவும் இரும்புக்குள் சிக்கி இறுக்கும், ஆனால் குரோமியத்தை அந்த அளவுக்குப் பறிக்காது. 14சி28என் என்று பொறித்த அலகுகளில் சுமார் 0.11 வீதம் நைதரசன் உண்டு. கடல் வேலைக்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அலகின் வெட்டும் விளிம்பான வாய் மழுங்கும் கதை வேறு. விளக்கொளியில் வாயை நேரே பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. மடிந்த இடம் வெள்ளிக் கோடாக மின்னும். பொடிந்த இடத்தை நகத்தில் மெதுவாக இழுத்தால் தட்டும். 12சி27 மடிவது இயல்பு. டி2 எலும்பில் திருகினால் பொடிவதும் இயல்பு. புதிய டி2 மடிந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். தண்ணீர் காட்டாமல் வேகமாகச் சாணை பிடித்தால், மயிரிழை போன்ற வாய் 200 பாகையைத் தாண்டிச் சூடேறி இளகிவிடும். அலகின் மற்றப் பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கல்லில் தண்ணீர்விட்டு இரண்டு மூன்று முறை தீட்டினால் உள்ளிருக்கும் நல்ல உருக்கு வெளியே வரும். அதற்குமுன் ஒரு கத்தியைக் குறை சொல்வது நியாயமில்லை.

கம்மாலை ஏன் இருட்டாக இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டபோது, கண்ணூறு படக்கூடாது என்றார்கள். உண்மையில், காய்ச்சிய இரும்பின் நிறத்தை வெயிலில் சரியாகப் பிரித்தறிய முடியாது. வெப்பமானி இல்லாத காலத்தில் நிறமே வெப்பமானி. அந்த அறிவைக் கண்ணூறு என்று மூடிவைத்ததால் எத்தனை கொல்லர்களின் நுட்பம் அவர்களோடு போயிற்று என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

இதே இலங்கைத் தீவில், சமனலவெவ என்னும் இடத்தில், கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கினார்கள். தொல்லியலாளர் கில் ஜுலெஃப் அப்படியொரு உலையை மறுபடி கட்டி, உயர் காபன் உருக்கையும் எடுத்துக்காட்டி, 1996இல் நேச்சர் ஆய்விதழில் எழுதினார். அப்படிப்பட்ட நாட்டில், திருகோணமலை உப்புவெளிக் கரையில் ஒரு மரச்சட்டம் நட்டு, பத்து வகை உருக்குத் துண்டுகளை ஒரு வருடம் தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். கத்திக்கு மட்டுமல்ல, வள்ளத்து ஆணிக்கும் பாலத்துக் கம்பிக்கும் அந்தக் கணக்கு உதவும். இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தம்பி, டி2ஐக் கயிறு அறுக்க வைத்திருங்கள், மீனுக்கு 12சி27. கரைக்கு வந்ததும் இரண்டையும் விரித்து நல்லதண்ணீரில் அலசி, ஆணியடியில் துணிமுனை விட்டுத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு மட்டும் மடக்கிவிடாதீர்கள்.