கஷுவல் உடுப்பும் ஸ்கூட்டியும்

"அக்கா, அங்க டிரஸ் கோட் ஒண்டும் இல்லையாம், கஷுவலா வரட்டாம். இப்ப நான் எதைப் போடுறது?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள என் தையல்கடைக்கு ஒரு பிள்ளை வந்து நின்று கேட்டாள். மென்பொருள் நிறுவனத்தில் புது வேலை. ஆசிரியர் வேலை என்றால் இந்தத் தலையிடி இல்லை, சேலைதான்.

நான் திருப்பிக் கேட்டது, "வேலைக்கு எதில போறீர்?"

ஸ்கூட்டியில் என்றாள். சரி, பாதி முடிவு அங்கேயே வந்துவிட்டது. பஞ்சாபி (சல்வார்) டொப்பின் பக்க வெட்டு இடுப்பெலும்பிலேயே தொடங்கினால் நிற்கும்போது வடிவுதான். ஆனால் சோளகக் காற்றுக்குள் ஸ்கூட்டி ஓடும்போது முன்துணி கொடி மாதிரிப் பறக்கும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டி வரும். அதனால் வெட்டை இரண்டு அங்குலம் கீழே இறக்கித்தான் தைப்பேன். ஷோல் அதைவிட வில்லங்கம். பின்சில்லில் சுற்றினால் கழுத்தை இறுக்கும், ஆளையே இழுத்து விழுத்தும். ஓடும்போது அதைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். ஷோல் இல்லாமலே அடக்கமாய் இருக்கிற நீள டொப் தைப்பது இன்னும் நல்லது.

டெனிம் போடலாமா? தாராளமாக. கிழிசல் இல்லாத கடும்நீலம், மேலே இடுப்பு மூடுகிற டொப். லெகின்ஸ் என்றால் வாங்கமுதல் உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அளவு பார்க்க வருகிறவர்களைக் கண்ணாடி முன்னால் நின்றபடி மட்டும் பார்க்க விடமாட்டேன். ஸ்டூலில் இருக்கச் சொல்வேன், நிலத்தில் கிடக்கும் கத்தரிக்கோலைக் குனிந்து எடுக்கச் சொல்வேன். கழுத்து எவ்வளவு இறங்குகிறது, முதுகு எங்கே ஏறுகிறது எல்லாம் அப்போதுதான் தெரியும். தோள் தையல் தோளெலும்பின் முனையில் நிற்கவேண்டும். அரை அங்குலம் வழிந்தாலும், எவ்வளவு விலைத் துணியென்றாலும், தமக்கையிடம் இரவல் வாங்கிப் போட்டதுபோல் இருக்கும். ஸ்டைல் என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் தோளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் வெயிலுக்குப் பருத்திதான். பொலியெஸ்டரை மினுக்க (அயன் பண்ண) தேவையில்லை, உண்மைதான். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, பின்னேரம் மணக்கும். சாம்பல், வான்நீல நிறங்களில் கமக்கட்டு ஈரம் தூரத்திலேயே தெரியும். வெள்ளையிலும் கடும்நீலத்திலும் அவ்வளவு தெரியாது. பருத்தியை வெட்டமுதல் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். தொழில் தொடங்கிய காலத்தில் அவசரப்பட்டு நான் அப்படியே வெட்டித் தைத்துக் கொடுத்த 42 அங்குல டொப் ஒரே தோய்ச்சலில் ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது. துணிக்காசை என் கையால்தான் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் இரண்டு டொப்தான் தைத்தேன். அங்குள்ளவர்கள் என்ன உடுக்கிறார்கள் என்று இரண்டு கிழமை பார்த்துவிட்டு மிச்சத்துக்கு வரச் சொன்னேன். போன சனிக்கிழமை துணியோடு வந்தாள். இந்தமுறை பொக்கற்றை இன்னும் ஆழமாய் வைக்கட்டாம். போனோடு ஸ்கூட்டித் திறப்பும் போடவேணுமாம்.