பால் நாலு டிகிரிக்கு வந்தால் போதுமா? பல்க் கூலரின் திறனை அளக்கும் முறை

பால் குளிர்விப்பு மையத்தில் பல்க் கூலர் (பாலை மொத்தமாகக் குளிர்விக்கும் தொட்டி) ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டால், "நாலு டிகிரி காட்டுதே" என்று பதில் வரும். வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டன்சர் முழுக்கத் தூசி அடைத்த மெஷினும் நாலு டிகிரி காட்டும். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டியதை நாலரை மணி நேரத்துக்கு இழுக்கும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் நேரத்தில் பாலில் கிருமி பெருகும், மீட்டரும் ஓடும். திறனை அறிய இரண்டு எண்கள் வேண்டும்: பாலிலிருந்து எடுத்த வெப்பம் எவ்வளவு, அதற்குச் செலவான மின்சாரம் எவ்வளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பதுதான் சிஓபி.

குளிர்சாதனம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை இங்கிருந்து அள்ளி அங்கே கொட்டுகிறது. உள்ளே சுற்றிவந்து வெப்பத்தைச் சுமக்கும் கேஸ்களில் ஒன்றான ஆர்-22-ஐ எடுத்துக்கொள்வோம். அழுத்தம் காட்டும் கேஜில் 46 பிஎஸ்ஐ இருக்கும்போது அது மைனஸ் 5 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்க வேண்டிய வெப்பத்தைத் தொட்டியின் அடித்தகடு வழியாகப் பாலிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை 236 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், அது 45 டிகிரியில் திரவமாகும். 35 டிகிரி வெயில் காற்றுகூட அதற்குக் குளிர்ந்த காற்றுதான். வெப்பம் வெளியே போய்விடும். பிறகு எக்ஸ்பேன்ஷன் வால்வ் அழுத்தத்தை இறக்கி, திரவத்தை மறுபடி அடித்தகட்டுக்கு அனுப்பும்.

கிணறு ஆழமாக ஆக இறைக்கும் செலவு கூடுவது போலத்தான் இதுவும். மைனஸ் 5-லிருந்து 45-க்கு ஏற்றினால் கொள்கையளவில் கிடைக்கக்கூடிய உச்ச சிஓபி 5.4. கண்டன்சர் அடைத்து 55-க்கு ஏறினால் 4.5. உண்மையான மெஷின் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். கண்டன்சர் பக்கம் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் மின்செலவை 2 முதல் 3 சதவீதம் கூட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதனையைப் பாலில் செய்வது கடினம். கேன் கேனாக வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு வெப்பநிலை. தொட்டியைக் கழுவி முடித்ததும் தண்ணீரில் செய்யுங்கள். அளந்து 1000 லிட்டர் விட்டு, கலக்கியை ஓட விடுங்கள். கலக்காவிட்டால் அடியில் குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் நின்று கணக்கைக் கெடுக்கும். பேனலில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் தெர்மாமீட்டரை வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். 25 டிகிரி இறக்கத்தில் ஒரு டிகிரி பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது மீட்டர் அளவைக் குறித்து, 5 டிகிரிக்கு வந்ததும் மறுபடி குறியுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம், தகட்டில் பனிக்கட்டி பிடிக்கும்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி இறக்க 4.19 கிலோஜூல் எடுக்க வேண்டும். கணக்கு இது: 1000 கிலோ × 4.19 × 25 = 1,04,750 கிலோஜூல். ஒரு யூனிட் 3,600 கிலோஜூல் என்பதால், அதால் வகுத்தால் 29.1 யூனிட் வெப்பம். மீட்டரில் 10.4 யூனிட் ஓடியிருந்தால் சிஓபி 2.8. இந்த வேலை 2 மணி 46 நிமிடத்தில் முடிந்திருந்தால், சராசரியாக 10.5 கிலோவாட் வீதத்தில் வெப்பம் எடுத்திருக்கிறது. குளிர்விக்கும் திறனைச் சொல்லும் டன் என்ற அளவில், ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் என்பதால், இது 3 டன். பாலில்தான் பார்த்தாக வேண்டுமென்றால் லிட்டருக்கு 1.03 கிலோ, 4.19-க்குப் பதில் 3.93 என்று போடுங்கள்.

மின்சாரத்தைக் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் மட்டும் பார்த்துக் கணக்கிடுவது பரவலான தவறு. மூன்று பேஸில் 415 வோல்ட், 6.5 ஆம்பியர் என்றால், மூன்று பேஸுக்கான 1.732-ஐயும் சேர்த்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது 4.67, அதில் உண்மையில் வேலை செய்யும் பங்கான பவர் ஃபேக்டர் 0.8 ஆக இருந்தால் உண்மையில் ஓடுவது 3.74 கிலோவாட்தான். யூனிட் மீட்டரே மேல். அதில் கூலர் மட்டும் ஓட வேண்டும், விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அணைந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணலாம். யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று அச்சிட்டிருந்தால், நிமிடத்துக்கு 100 சிமிட்டல் என்பது 3.75 கிலோவாட். ஆனால் இது அந்த நிமிடத்தின் அளவு மட்டுமே. தண்ணீர் சூடாக இருக்கும் தொடக்கத்தில் கம்ப்ரசர் அதிகம் இழுக்கும்.

சிஓபி சரிந்திருந்தால் உடனே கேஸ் ஏற்றச் சொல்வார்கள். மூடிய சுற்றில் கேஸ் தேய்ந்து போகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பிடிக்காமல் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவதுதான்.

முதலில் கண்டன்சரைப் பாருங்கள். உள்ளே போகும் காற்றைவிட கண்டன்சர் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருந்தால் சரி. 35 டிகிரி காற்றில் ஆர்-22 கேஜ் 300 பிஎஸ்ஐ காட்டினால் அது 55 டிகிரி, அதாவது 20 டிகிரி கூடுதல். வைக்கோல் தூசியும் தீவனத்தூளும் ஃபின்னில் அப்பியிருக்கும், அல்லது வெளியே போன சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி வரும். கழுவியும் இறங்கவில்லையென்றால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம், கேஸ் அதிகமாகவும் இருக்கலாம். காற்றா என்று அறிய, கம்ப்ரசரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட்டுங்கள். கண்டன்சர் 35 டிகிரிக்கு வந்தபின் ஆர்-22 கேஜில் 182 பிஎஸ்ஐ பக்கம் நிற்க வேண்டும். தெளிவாகக் கூடுதலாக நின்றால் காற்றுதான். கேஸை மீட்டெடுத்து, வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

கம்ப்ரசருக்கு ஆவி திரும்பி வரும் சக்ஷன் பக்கத்தில் பைப்பின் வெப்பநிலைக்கும் கேஜ் அழுத்தத்துக்குரிய கொதிநிலைக்கும் உள்ள வித்தியாசம் சூப்பர்ஹீட். 5 முதல் 8 டிகிரி இருக்கலாம். அது 15, 20 என்று ஏறி, திரவப் பைப்பில் உள்ள கண்ணாடிச் சன்னலான சைட் கிளாஸில் குமிழ் ஓடி, கண்டன்சரை விட்டு வரும் திரவத்தின் சப்கூலிங்கும் (அது திரவமாகும் வெப்பநிலையைவிட எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற அளவு) குறைந்திருந்தால்தான் கேஸ் குறைவு. சப்கூலிங் நன்றாக இருந்தும் சூப்பர்ஹீட் அதிகமென்றால் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் டிரையரைத் தொட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் சில்லிப்பு என்றால் அடைப்பு. இங்கே கேஸ் ஏற்றினால் ஹெட் பிரஷர் (கண்டன்சர் பக்க அழுத்தம்) ஏறி, சிஓபி இன்னும் விழும்.

பழுது பார்த்தபின் அதே 1000 லிட்டர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்றின் வெப்பநிலை முதல் சோதனையிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கும் நாளாகப் பாருங்கள். மார்கழியில் எடுத்த 3.2-ஐயும் சித்திரையில் எடுத்த 2.6-ஐயும் பக்கத்தில் வைத்தால், தெரிவது வெயில்தான், மெஷின் அல்ல.