தலைகீழாகத் தொங்கும் பாவாடை

ஐரோப்பிய மேடை நடனமான பாலேயில் பெண்கள் உடுத்தும், தட்டுபோல் விரிந்து நிற்கும் வலைப் பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். பாலே குழுக்களின் உடை அறையில் டூட்டூக்களைத் தலைகீழாகத்தான் மாட்டி வைப்பார்கள். இடுப்புப் பகுதி கீழே, வலை அடுக்குகள் மேலே. நேராக மாட்டினால் புவியீர்ப்பு நாள்தோறும் விளிம்பைச் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கும். நாளடைவில் தட்டு குடையாகிவிடும். கவிழ்த்து மாட்டினால் அதே விசை அடுக்குகளை எதிர்ப்பக்கம் இழுத்து, மேடையில் ஏற்பட்ட தொய்வை ஓரளவு சரிசெய்துவிடும். மூன்று மணி நேரம் ஆடியவருக்கு ஓய்வு கிடைக்கிறதோ இல்லையோ, அவர் உடுத்தியதற்குக் கிடைக்கிறது.

இடுப்பிலிருந்து கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வலைத்துணி விழாமல் எப்படி நிற்கிறது? பலரும் உள்ளே இருக்கும் கம்பி வளையம்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். கம்பிக்கும் பங்கு உண்டு. ஆனால் அது வெறும் உதவியாளர்.

செய்தித்தாள் ஒன்றை ஒரு விளிம்பில் பிடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள். தொய்ந்து விழும். அதையே விசிறிபோல மடித்து நீட்டுங்கள், நிற்கும். தாளும் அதேதான், எடையும் அதேதான். வளைப்பதை எதிர்க்கும் பலம், பொருளின் தடிமன் கூடக் கூட மிக வேகமாகக் கூடுகிறது: தடிமன் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு எட்டு மடங்கு. மடிப்புகள் தாளுக்கு இல்லாத தடிமனை இருப்பதுபோல் ஆக்கிவிடுகின்றன. கூரைத் தகரத்தை நெளிநெளியாகச் செய்வதும் இதற்காகத்தான். டூட்டூவின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு நீண்ட வலைப்பட்டை. அதை நெருக்கமாகச் சுருக்கி, உள்ளே அணியும் குட்டைக் கால்சட்டையின் மேல் சுற்றிலும் தைக்கிறார்கள். ஒவ்வொரு சுருக்கும் இடுப்பிலிருந்து வெளியே ஓடும் ஒரு சின்ன நெளிவு.

அப்படிப் பத்து முதல் பன்னிரண்டு அடுக்குகள். அடியில் தொடையை ஒட்டி இருப்பது இரண்டு மூன்று விரற்கடை அகலம்தான். மேலே போகப்போக அகலம் கூடி, உச்சியில் முழத்துக்குச் சற்றுக் குறைவாக முடிகிறது. இந்தப் படிக்கட்டு அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கும் பட்டையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், தன் எடையாலேயே அது தொய்யும் அளவு பதினாறு மடங்காகும். எனவே குட்டை அடுக்கு எளிதில் நிற்கிறது. தனக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் தூரம் தாங்கிக்கொள்கிறது. அது அடுத்ததைத் தாங்குகிறது. கடைசியாக அடுக்குகளுக்கு இடையே நூலைத் தளர்வாக ஓட்டி எல்லாவற்றையும் பிணைப்பார்கள். கொஞ்சம் இறுக்கினாலும் மேற்பரப்பில் குழி விழும். இந்தக் கடைசி வேலையைத்தான் கைத்திறனின் உச்சம் என்று நான் சொல்வேன். நன்றாகச் செய்திருந்தால் யார் கண்ணுக்கும் படாது.

டூட்டூ பிறக்கும்போது இப்படி இல்லை. 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓப்பராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியபோது, காற்றுத் தேவதையாக ஆடிய மரீ தாக்லியோனி உடுத்தியது கெண்டைக்காலின் பாதி வரை தொங்கிய மணி வடிவ வெள்ளைப் பாவாடை. அந்த அரங்கில் எரிவாயு விளக்கு வந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மெல்லிய வெண்துணியின் ஒவ்வொரு இழையும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். பல அடுக்கு சேர்ந்தால் உடலின் கோடு மங்கி, பனிமூட்டத்துக்குள் ஒருவர் நடப்பதுபோல் தோன்றும். குதித்து இறங்கும்போது இன்னொரு மாயம். எடை குறைந்து பரப்பு மிகுந்த துணியைக் காற்று தடுக்கிறது. கால் தரையைத் தொட்ட பிறகும் பாவாடை இறங்கிக்கொண்டே இருக்கிறது. கண் துணியைத் தொடர்வதால், ஆடுபவரே மெதுவாக இறங்கினார் என்று நம்பிவிடுகிறோம்.

இழைகளுக்கு நடுவே காற்று தாராளமாகப் புகும் துணி, விளக்குக்குப் பக்கத்தில் என்ன செய்யும் என்பது பாரிஸுக்குத் தெரியாததல்ல. உடைகளைப் படிகாரம் போன்ற உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும் என்று 1859-லேயே அரசாணை வந்துவிட்டது. படிகாரத்தின் எடையில் பாதிக்கு நெருக்கமாக நீர் கட்டுண்டிருக்கிறது. சூடானால் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை விழுங்கும், தீ தயங்கும். ஆனால் தோய்த்த துணி விறைத்து, பழுப்பேறி, மிதக்கும் குணத்தை இழந்துவிடும். தாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்துவிட்டார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் அவருடைய பாவாடை எரிவாயுச் சுடரைத் தொட்டது. இருபது வயது. எட்டு மாதங்கள் வலியில் கிடந்து, மறு ஆண்டு ஜூலையில் இறந்தார். விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாக்லியோனி அவருக்காக அமைத்த ‘லெ பாப்பியோன்’ நடனத்தில், அவர் ஏற்ற பட்டாம்பூச்சி வேடத்துக்குச் சிறகு கருகுவது தீவட்டியில்தான். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் மிகை என்று அடித்துவிடுவோம்.

பாவாடையைக் குட்டையாக்கியது தீ அல்ல, நடனத்தின் கணக்கு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நடனப் பெண்கள் புதிய சுழற்சிகளோடு ரஷ்யா போனார்கள். விர்ஜீனியா ஸுக்கி 1885-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பியெரினா லெஞ்ஞானி 1895-இல் ‘ஸ்வான் லேக்’கில் ஒரே காலில் நின்று, மறுகாலைச் சாட்டைபோல் வீசிச் சுழலும் ‘ஃபுவெத்தே’யை 32 முறை ஆடினார். உடல் ஒரு கணம் பார்வையாளரை நோக்கி நிற்கும்போதும் நீட்டிய கால் சுழன்றுகொண்டே இருக்கும். சுழற்சி அதில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. காலை மடக்கியதும் அது உடலுக்குத் திரும்பி, அடுத்த சுற்று தொடங்கும். இத்தனையும் நீண்ட பாவாடைக்குள் நடந்தால் யாருக்குத் தெரியும்? டூட்டூ என்ற பெயருக்கும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதையொட்டியதே: பிரெஞ்சுக் குழந்தைகள் பின்புறத்தைச் சொல்லும் கொச்சைச் சொல்லின் திரிபாம்.

கம்பி வளையம் வைத்த டூட்டூவுக்கு ஒரு சங்கடம் உண்டு. விளிம்புக்கு அருகில் எடை இருப்பதால், குதித்து நின்ற பிறகும் அது மேலும் கீழும் ஆடும். பக்கத்தில் நிற்பவருடையதை இடித்தால் இரண்டும் சாயும். நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒன்றாக மேடையை நிறைக்கும் ‘சிம்ஃபொனி இன் சி’ நடனத்துக்காக, 1950-இல் நியூயார்க்கில் உடைக் கலைஞர் பார்பரா கரின்ஸ்கா வளையத்தையே எடுத்துவிட்டார். அடுக்குகளைப் பாதியாக்கி, ஓரங்களைத் தாழவிட்டு, பவுடர் பஞ்சு போன்ற ஒன்றைத் தைத்தார். அதற்குப் ‘பவுடர் பஃப்’ என்றே பெயர்.

எந்த வகையானாலும் துவைப்பது மட்டும் பெரும்பாலும் தவிர்க்கும் காரியம். நீரில் போட்டால் வலையின் விறைப்பு குறையலாம். அதனால் வியர்வை நாற்றத்துக்கு உடை அறைகளில் வோட்கா என்னும் மதுவை நீர் கலந்து தெளிக்கிறார்கள். நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவைக் குறைத்துவிட்டு, தானும் மணமின்றி ஆவியாகிவிடும். பிறகு மறுபடியும் கம்பியில், தலைகீழாக.