லைம் நோய்: மருந்து முடிந்த பின்னும் நீளும் வலி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற சிற்றூரிலும் அதன் அண்டை ஊர்களிலும், 1970களின் நடுவில், பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. அவர்களுக்குச் சிறார் மூட்டுவாதம் என்றே மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அரிதாக வரும் அந்த நோய் ஒரே வட்டாரத்தில் இத்தனை வீடுகளுக்கு வருமா என்று 1975இல் சில தாய்மார்கள் சுகாதாரத் துறையிடம் கேட்ட பிறகே, யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்டீயர் விசாரணையைத் தொடங்கினார். நோயாளிகள் பெரும்பாலும் காட்டை ஒட்டி வாழ்ந்தவர்கள். நோய் கோடையை ஒட்டித் தொடங்கியது. மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தோலில் சிவந்த படை ஒன்று பரவியதாகச் சிலர் நினைவுகூர்ந்தனர். உண்ணிகளின் குடலை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்த வில்லி பர்க்டோர்ஃபர் என்ற அறிவியலாளர், திருகுபோல் சுருண்ட பாக்டீரியாவை அதில் கண்டு 1982இல் அறிவித்தார். பொரீலியா பர்க்டோர்ஃபெரி என்று அவர் பெயரையே அது பெற்றது. அந்த ஊரின் பெயரால் லைம் நோய் எனப்படும் இந்த நோயை உண்டாக்குவது அந்தப் பாக்டீரியாதான்; அதை மனிதருக்குக் கடத்துவது உண்ணிக்கடி.

தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று நாம் வழங்குவது வேறு நோய். ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் அதைப் பரப்புவது மிகச் சிறிய சிலந்திப்பேன் வகை ஒன்றின் இளம்பூச்சி. அதை உண்டாக்கும் கிருமியும் வேறு. டாக்சிசைக்ளின் என்ற மருந்து இரண்டுக்கும் பொது என்பதைத் தவிர நெருங்கிய உறவில்லை.

லைம் நோயைப் பரப்பும் உண்ணிகளில் மனிதருக்கு அதிகம் தொற்றவைப்பது கசகசா அளவேயுள்ள இளம் உண்ணி. அது கடித்த உடனே கிருமி உடலுக்குள் இறங்கிவிடுவதில்லை. உண்ணியின் குடலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியா, வெதுவெதுப்பான இரத்தம் உள்ளே வந்த பிறகே தன் மேற்பரப்பிலுள்ள புரதம் ஒன்றைக் குறைத்து வேறொன்றை உருவாக்கி, குடலைவிட்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்கிறது. அதனால் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்கும் உண்ணியே தொற்றைக் கடத்துகிறது. குளிக்கும்போது தேடிப் பிடித்து அகற்றினாலே பெரும்பாலும் தப்பிவிடலாம். உடலுக்குள் நுழைந்துவிட்டாலோ, தோலின் இணைப்புத் திசுவைத் துளைத்துக்கொண்டு செல்ல அந்தத் திருகு வடிவம் உதவுகிறது. மேற்பரப்பிலுள்ள மற்றொரு புரதத்தை அது ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால், நோய் எதிர்ப்பு மண்டலம் ஓர் உருவத்தை அடையாளம் கண்டுகொள்ளும் நேரத்தில் கிருமி வேறு வேடத்தில் இருக்கிறது. மருந்தில்லாமல் விட்டால் மாதக்கணக்கில் தொற்று நீடிக்க முடிவது இப்படித்தான்.

கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தோன்றும் விரிந்துகொண்டே போகும் சிவந்த படையே நோயின் முதல் அடையாளம். நடுவில் வெளிறி வில்வித்தைக் குறிபோலத் தெரியும் படங்களே எங்கும் அச்சாகின்றன என்றாலும், பலருக்கு அது ஒரே சீரான சிவப்பாகவே இருக்கும். உண்ணி நிறைந்த பகுதிக்குச் சென்று வந்தவருக்கு இந்தப் படை இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் ஏறத்தாழ 10 நாட்கள், அல்லது அமாக்சிசிலின் 14 நாட்கள் போதும். தவறவிட்டால் வாரங்கள், மாதங்கள் கழித்து முகவாதம், மூளையுறை அழற்சி, இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சைகையில் தடை, முழங்கால் வீக்கம் ஆகியவை வரலாம்.

மருந்து முடிந்த பின்னும் இந்த நோய் உடலில் நீடிக்கிறதா என்ற குழப்பத்தின் வேர் இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கமான பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆவதால் தொடக்கத்தில் தொற்று இருந்தும் முடிவு ‘இல்லை’ என வரக்கூடும். நோய் முழுதும் தீர்ந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்குவதால், கிருமியே இல்லாதவருக்கும் முடிவு ‘உண்டு’ என வரும். உடல் எப்போதோ இந்தக் கிருமியைச் சந்தித்ததா என்பதற்குப் பதில் சொல்லும் சோதனையிடம், இன்று அது உள்ளே இருக்கிறதா என்று கேட்பதால் விளையும் தொல்லை இது. சிகிச்சை பலித்ததா என்று அறிய இதையே மறுபடி மறுபடி செய்வதில் பொருளில்லை.

ஆகவே, ‘நீடிக்கும் லைம் நோய்’ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு நிலைமைகள் கலந்துவிடுகின்றன. முதலாவது, சிகிச்சையே பெறாமல் முற்றிய தொற்று. முழங்கால் வீக்கம் இதன் தெளிவான வடிவம். இந்தக் கட்டத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாக இருக்கும் என்பதால் இங்கே பரிசோதனையை நம்பலாம். 28 நாட்கள் வாய்வழி மருந்து பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறது. போதவில்லை என்றால் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இரத்தக்குழாய் வழியாகத் தரப்படுகிறது. அதற்கும் பின் வீக்கம் நீடிக்கும் சிலருக்கு, கிருமியைக் கொல்லும் மருந்தைவிட, அழற்சியைத் தணிக்கும் மருந்தே பயன்படுகிறது. இறந்த பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகள் மூட்டுநீரில் தங்கி அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு 2019இல் சான்று கிடைத்தது. தீ அணைந்த வீட்டில் புகை மூட்டம் நிற்பது போன்ற நிலை அது.

இரண்டாவது, உரிய சிகிச்சை முடித்த பின்னும் ஆறு மாதங்களுக்கு மேல் களைப்பு, உடல்வலி, கவனக்குறைவு ஆகியவற்றால் அவதிப்படுவோர். சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 5 முதல் 10 விழுக்காட்டினர் இந்நிலையை அடைவதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கூறுகிறது. இவர்களின் துன்பம் கற்பனை இல்லை. எஞ்சிய கிருமிதான் காரணம் என்றால் நீண்டகால மருந்து பலிக்க வேண்டும்; அதைத்தான் பல ஆய்வுகள் சோதித்தன. 2001இல் வெளியான ஆய்வில் 129 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு 30 நாட்கள் ஊசி மருந்தும் அடுத்த 60 நாட்கள் மாத்திரையும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிகள். இரு பிரிவினரும் தேறிய அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் முதலில் இரண்டு வாரம் செஃப்ட்ரியாக்சோன் தந்து, பிறகு 12 வாரங்கள் மருந்தையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டபோதும் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆய்வகத்தில் மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் கிருமிச் செல்கள் உண்டு என்பதும், குரங்குகளில் சிகிச்சைக்குப் பிறகும் எச்சங்கள் காணப்பட்டன என்பதும் உண்மையே. ஆனால் மனிதரிடம் தொடரும் களைப்புக்கு அவையே காரணம் என்று இவை மெய்ப்பிக்கவில்லை.

மூன்றாவது பிரிவினருக்கு லைம் நோய் வந்ததற்கான தடயமே இராது. களைப்பும் வலியும் உண்மைதான், ஆனால் உறுதிப்படுத்தப்படாத தனியார் பரிசோதனை ஒன்றின் பேரில் மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றப்படுகிறது. அத்தகைய சிகிச்சையின் விளைவாகக் கடும் தொற்றுக்கு ஆளான ஐந்து நோயாளிகளைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2017இல் விவரித்தது. அவர்களில் இறந்தவர்களும் உண்டு. இரத்தக்குழாயில் பொருத்திய குழாய் வழியே கிருமி புகுவதும், குடலின் நல்ல பாக்டீரியா அழிந்த இடத்தில் ஆபத்தான ஒன்று பெருகுவதும் இந்தச் சிகிச்சையின் அறியப்பட்ட ஆபத்துகள்.

கவனமுள்ள மருத்துவர் இத்தகைய நோயாளியிடம் முதலில் கேட்பது, எந்த ஊரில், எந்த மாதத்தில், எப்படிப்பட்ட படை வந்தது என்பதையே. அடுத்துத் தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, பிற மூட்டு நோய்கள் ஆகியவற்றைத் தேடுவார். ஏனென்றால் லைம் என்ற பெயர் ஒட்டப்பட்ட பிறகு இவற்றில் ஒன்று கண்ணில் படாமலே ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. எதுவும் அகப்படாதபோது உறக்கத்தைச் சீர்படுத்துவதும், வலியைத் தணிப்பதும், உடல் தாங்கும் அளவுக்கு நடமாட்டத்தைக் கூட்டுவதும், குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் வரச்சொல்லிப் பார்ப்பதுமே அவர் தரும் சிகிச்சை. இந்நிலையில் உள்ள பலர் மெதுவாகவேனும் மாதங்கள் செல்லச் செல்லத் தேறுகிறார்கள்.