மையத்தை நகர்த்திய படிக்கட்டு

என் மைத்துனர் சிங்கப்பூரில் மின்படிக்கட்டுப் பராமரிப்பு வேலையில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறார். போன மாதம் அவருடைய பணிமனைக்குப் போயிருந்தபோது, கழற்றி வைத்திருந்த படி ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். நாம் நிற்பது வெறும் பலகைமேல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையில் எடுத்தால் அது முக்கோண வடிவில் ஓர் அலுமினியக் கூடு. மேலே வரிவரியாகப் பள்ளங்கள், முன்னால் வில்லாக வளைந்த முகப்பு. ஒரு முனையில் படிகளை இழுத்துச் செல்லும் சங்கிலியின் அச்சு வந்து பூட்டும் இடம், மறுமுனையில் இரண்டு சிறு சக்கரங்கள்.

"இரண்டு தண்டவாளம், அவ்வளவுதான் சூட்சுமம் அத்தான்" என்றார்.

சங்கிலியோடு ஓடும் சக்கரங்களுக்கு ஒரு தண்டவாளம், பின்சக்கரங்களுக்கு இன்னொன்று. நாம் நிற்கும் பக்கத்தில், முதல் தண்டவாளத்தை அப்படியே நகலெடுத்துச் சற்றுத் தள்ளி வைத்ததுபோல இரண்டாவது அமைந்திருக்கும். அதனால் பாதை ஏறினாலும் இறங்கினாலும் படியின் மேற்பரப்பு சாயாது. மேலேயும் கீழேயும் பாதை சமதளமாகும் இடத்தில் படிகள் ஒரே மட்டத்துக்கு வந்து, சீப்புத் தகட்டின் பற்களுக்கு அடியில் நுழைந்து, தலைகீழாகத் தொங்கியபடி திரும்பிப் போகின்றன.

"இதையே சுழல்படிக்கட்டுபோல வளைத்துப் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"இடப்பக்கச் சங்கிலியும் வலப்பக்கச் சங்கிலியும் ஒரே அளவு என்பதால்தான் இது ஓடுகிறது. வளைத்தால் அந்தச் சமம் போய்விடும்" என்றார்.

சிங்கப்பூரின் பூகிஸ் பக்கம் பழைய கடைவீடுகளின் பின்சந்தில் நிற்கும் சுழல்படிக்கட்டுகளைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். நடுத்தூணை ஒட்டி ஏறினால் செங்குத்து. வெளிவிளிம்பை ஒட்டி ஏறினால் சரிவு குறைவு. ஏறும் உயரம் ஒன்றுதான், நடக்கும் தூரம் வேறு. வளைந்த மின்படிக்கட்டிலும் இதே நிலைதான். படி விசிறிபோல உள்பக்கம் ஒடுங்கியிருக்கும். உள்சங்கிலி குட்டை, வெளிச்சங்கிலி நெட்டை. அதோடு தீர்ந்தால் பரவாயில்லை. சமதளத்திலிருந்து சரிவுக்கு மாறும் இடத்தில்தான் உண்மையான சிக்கல் வருகிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். படியின் அகலம் 1 மீட்டர். சமதளத்தில் உள்வட்டத்தின் ஆரம் 5 மீட்டர், வெளிவட்டத்தின் ஆரம் 6 மீட்டர். ஒரு படிக்கு உள்சங்கிலி 35 செ.மீ., வெளிச்சங்கிலி 42 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 35க்கு 42 என்பது 5க்கு 6. கச்சிதம். இப்போது சரிவு தொடங்குகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட 20 செ.மீ. உயரம். சங்கிலிக் கண்ணியின் நீளம் மாறாது, அது இரும்பு. ஆனால் அந்த நீளத்தின் ஒரு பகுதி உயரத்துக்குச் செலவாகிவிடுவதால் கிடைமட்டத் தூரம் குறைகிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின்படி 35 செ.மீ. 28.7 ஆகச் சுருங்குகிறது, 42 செ.மீ. 36.9 ஆகிறது. விகிதம் இப்போது 5க்கு 6 இல்லை, 7க்கு 9. அதே வட்டத்தில் அந்தப் படியால் போகவே முடியாது. எங்காவது சிக்கி நிற்கும், இல்லாவிட்டால் எதையாவது பிய்க்கும்.

சங்கிலியை நீட்டிச் சுருக்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் வளைந்த மின்படிக்கட்டை உருவாக்கிய ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர்கள் சங்கிலியைத் தொடவில்லை, வட்டத்தைத் தொட்டார்கள். 7க்கு 9 என்ற விகிதம் எந்த வட்டத்துக்குப் பொருந்தும்? அகலம் அதே 1 மீட்டர் என்றால் உள்ளே 3.5 மீட்டர், வெளியே 4.5 மீட்டர். அதாவது சரிவில் பாதை இன்னும் இறுக்கமாக வளைய வேண்டும். சமதளம் நெருங்கும்போது வளைவு தளர வேண்டும். ஆகவே பாதை ஒரே மையத்தைச் சுற்றுவதில்லை. சரிவு மாற மாற வட்டத்தின் மையமும் நகர்ந்துகொண்டே போகிறது. கூர்ந்து கவனிக்காமல் படியில் நிற்பவருக்கு ஒரே சீரான வளைவுபோலத் தெரியும்; அடியில் இருக்கும் தண்டவாளமோ சரிவு மாறும் இடத்தில் ஒவ்வொரு அங்குலத்திலும் வேறொரு வளைவு. இந்த ஏற்பாட்டோடு 1985இல் ஜப்பானில் முதல் வளைந்த மின்படிக்கட்டு நடைமுறைக்கு வந்தது. சங்கிலியை நீட்டிச் சுருக்க ஒரு பாகம்கூடச் சேர்க்காமல் வடிவியலால் மட்டுமே முடிச்சை அவிழ்த்த இந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மற்ற சிக்கல்கள் இதற்கு அடுத்தபடிதான், ஆனால் எதையும் விட்டுவிட முடியாது. தூணைச் சுற்றிய கயிற்றை இழுத்தால் அது தூணை நோக்கி இறுகும். வளைவில் ஓடும் சங்கிலியும் அப்படித்தான் உள்நோக்கி நெருக்கும். அதைத் தாங்கப் பக்கவாட்டிலும் உருளைகள் வேண்டும். படியின் மேலுள்ள பள்ளங்கள் நேர்கோடாக இருக்க முடியாது, வட்டவில்லாக இருக்க வேண்டும். அவற்றோடு பொருந்தும் சீப்புப் பற்களும் அப்படியே. உள்கைப்பிடி வெளிக்கைப்பிடியைவிட மெதுவாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போகும்.

மின்படிக்கட்டை வளைக்கும் ஆசை 1985க்கு மிக முந்தியது. 1906இல் லண்டனின் ஹாலோவே ரோடு ரயில் நிலையத்தில், மின்படிக்கட்டின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஸ்ஸி ரெனோ சுழல் வடிவில் ஒன்றை அமைத்தார். பொதுமக்களுக்கு அது திறக்கப்படவே இல்லை. அதன் சிதைந்த பாகங்கள் 1988இல் கண்டெடுக்கப்பட்டு லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தன. அதே 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு கடைத்தொகுதியில் வளைந்த மின்படிக்கட்டுகள் ஓடத் தொடங்கின. 2010இல் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஜாக் லெவி வேறொரு வழி சொன்னார்: படிகளின் விளிம்பையே வளைவாக்கி, ஒன்றின் குழிவில் மற்றொன்றின் புடைப்பு பொருந்தும்படி செய்தால், பாதையை விரும்பியபடி திருப்பலாம்.

நம் சிங்கப்பூரில் பென்கூலன் ரயில் நிலையம் தரைக்குக் கீழே 43 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே நேர்ப்படிக்கட்டுகள்தான் வேண்டும் என்பதில் எனக்கோ மைத்துனருக்கோ ஐயமே இல்லை. ஒரு படி பழுதானால் அதே அளவில் இன்னொன்றை எடுத்துவந்து அன்றிரவே மாட்ட முடிய வேண்டும். வளைந்ததற்கு இடமும் செலவும் கூடுதல். கடைத்தொகுதியின் நடுமுற்றத்துக்குத்தான் அது பொருந்தும்.

ஷாங்காய்க்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், 2015இல் திறந்த நியூ வேர்ல்டு டைமாரு கடைத்தொகுதியில் அப்படி 12 மின்படிக்கட்டுகள் அடுக்கடுக்காகச் சுழன்று ஏறுவதைப் பார்க்கலாம். ஏறியதும் கீழே பார்க்காதீர்கள்; உள்பக்கக் கைப்பிடியைக் கவனியுங்கள். சமதளம் முடிந்து படிகள் உயரத் தொடங்கும் இடத்தில், அந்தக் கறுப்புப் பட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வளையும்.